தலைக்கண்

ஜன்னலோரத்துச் செடி ஜன்னலைப் பார்க்கவில்லை.

சின்னவள் அதைக் கவனித்தது திங்கட்கிழமை காலையில், தையல் மெஷினில் பாபின் மாற்றக் குனிந்து நிமிர்ந்தபோது. வெளிச்சம் வரும் பக்கம் சாய்வது செடியின் குணம். அதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் செடியோ தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகம் அகலத்துக்கு இருந்த தன் ஒரே இலையை அறைக்குள் நீட்டி, மெஷின் இருக்கும் மூலைப் பக்கம் சாய்ந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் தொட்டியைத் திருப்பி வைத்திருந்தாள். நாம்தான் மறந்துவிட்டோமோ என்று கிட்டே போய்ப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பில் இருந்த விரிசல், அவள் வைத்தபடியே சுவர்ப் பக்கம் இருந்தது. தொட்டி நகரவில்லை. இலை மட்டும் திரும்பியிருந்தது.

"உனக்கும் பொழுது போகல போல" என்று சொல்லி, தொட்டியை மறுபடி திருப்பிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடச் சீருடை நாற்பது உருப்படி வியாழக்கிழமைக்குள் முடிய வேண்டும். செடியோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

அது பகல் பன்னிரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டிய வீடு. மூன்று பக்கமும் நாலு மாடிக் கட்டடங்கள் எழும்பி, நடுவில் இந்த ஓட்டு வீட்டை மட்டும் கிணற்றுக்குள் விழுந்த செம்பு மாதிரி விட்டுவிட்டன. முன்பக்கம் ஒரு கதவு, கம்பி போட்ட ஒரு ஜன்னல். பின்பக்கம் பச்சை நிழல்வலை கட்டிய முற்றம், அதைச் சுற்றி ஆள் ஏற முடியாத மதில். ஈர மண்ணும் மெஷின் எண்ணெயும் பழைய சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை எந்நேரமும் அறைகளில் நின்றுகொண்டிருக்கும். மூன்றடி தள்ளி ஓடும் தெருவின் சத்தம்கூட ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலத்தான் உள்ளே கேட்கும். வெயில் கேட்கிற செடி எதுவும் அங்கே பிழைக்காது. பிழைத்தது ஒன்றே ஒன்றுதான். நர்சரிக்காரர்கள் அதைக் கலாடியம் என்பார்கள். பெரியவளுக்கு அது வெறும் சேம்பு, கலர் சேம்பு.

பெரியவள் என்றால் சின்னவளின் அக்கா. அப்பா அம்மா போனபோது அக்காவுக்கு இருபத்து மூன்று, தங்கைக்குப் பதினொன்று. அன்றைக்கு அக்கா சொன்ன வார்த்தை, "நான் பார்த்துக்கறேன்." அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷமும் அதே வார்த்தைதான். மாப்பிள்ளை கேட்டு யாராவது வந்தால், "நான் பார்த்துக்கறேன்." வெளியூரில் வேலை என்று கடிதம் வந்தால், "நீ தை, மத்ததை நான் பார்த்துக்கறேன்." தங்கையைத் தேடி எவர் வந்தாலும் கதவைத் திறக்கமாட்டாள். ஜன்னலில் நின்று, தலையை மெல்ல இடமும் வலமுமாக ஆட்டுவாள். வந்தவர் போய்விடுவார். பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. "கண்ணு, கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். கண்ணுக்குக் கண்ணாகத்தான் வளர்த்தாள். கண்ணை யாராவது வீட்டுக்கு வெளியே அனுப்பி வைப்பார்களா?

தங்கைக்கு மிச்சமான அதே நிழலில் சேம்பும் வளர்ந்தது. தூக்கிப் போட அக்காவுக்கு மனசு வராது. தாய்க்கிழங்கிலிருந்து பிரிந்த சுண்டைக்காய் அளவுக் குட்டியைக்கூட ஏதாவது ஓர் இடுக்கில் புதைத்துவிடுவாள். வாசற்படிக்குக் கீழே, முற்றத்துக் குழாயடியில், பெயர்ந்த தரைக்கல்லின் அடியில், மெஷின் காலுக்குப் பக்கத்துச் சந்தில். பாதி முளைக்காது. "தூங்குது கண்ணு. கிழங்கு செத்துப் போகாது, தூங்கும்" என்பாள்.

அக்கா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கடைசி நாளில் அவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாக்குக் குழற, ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "கண்ணை எடுத்துடு. மறந்துடாதே, கண்ணை எடுத்துடு." ஆஸ்பத்திரிச் சுவரில் கண்தான விளம்பரத்தை அவள் நின்று படித்தது சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. மூச்சு நின்ற ஒரு மணி நேரத்தில் கண் வங்கிக்குச் சொல்லிவிட்டாள். அவர்கள் வந்து மரியாதையாக வேலையை முடித்து, இமைகளைப் பஞ்சு வைத்து மூடிவிட்டுப் போனார்கள். ரெண்டு பேருக்குப் பார்வை என்றார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷி என்று தெருவே சொன்னது. சின்னவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவுக்காக அவள் ஒரு காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. அந்த வீட்டில் இன்னும் சுவரில் மாட்டிய தொலைபேசிதான். கைபேசி எதற்கு, உன்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அக்கா கேட்டுவிட்டாள். கூப்பிட ஒரே ஒருத்தி உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த தோழி. அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்ததும் அக்காதான்.

"என்னடி, மூட்டை கட்டிட்டியா?"

"ஒரு பெட்டிதான். கட்டிட்டேன்."

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி பஸ். அதை விட்டா அவ்வளவுதான் சொல்லிட்டேன். நூறு மெஷின் போட்ட கம்பெனி, மேற்பார்வை வேலை, தங்க ரூமு. மாடி ரூமுடி! ரெண்டு பக்கமும் ஜன்னல், வெயில் அடிச்சா முகத்துல அடிக்கும். சனிக்கிழமை நீ நிக்கலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"வந்துடறேன்."

"இப்படித்தான் இருபது வருஷமா சொல்றே."

"இப்ப யாரு தடுக்கப் போறா?" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நாளாயிற்று. அந்தச் சிரிப்பு அறையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்த மாதிரி இருந்தது. ரிசீவரை மாட்டித் திரும்பினாள். ஜன்னலோர இலை, மெஷின் மூலையை விட்டுவிட்டு, தொலைபேசிச் சுவரைப் பார்த்திருந்தது.

அப்போதுதான் ஓட்டைகளைப் பார்த்தாள்.

வெள்ளை இலை. அதில் சிவப்பு நரம்புகள். எதிரே கை வைத்தால் விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. மேல் பாதியில், பக்கத்தில் பக்கத்தில், ஒரே மட்டத்தில், இரண்டு ஓட்டைகள். புழு கடித்திருக்கும் என்று இலையைத் திருப்பிப் பார்த்தாள், காம்பைத் தடவினாள், மேல்மண்ணைக் கிளறினாள். புழுவும் இல்லை, அதன் எச்சமும் இல்லை. புழு கடித்த விளிம்பு பழுத்துக் கருகியிருக்கும். இந்த விளிம்புகள் காஜா எடுத்துத் தைத்த பொத்தான் துளை மாதிரி வழவழவென்று முடிந்திருந்தன. பிறக்கும்போதே இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப்பை எடுத்து, கை பழக்கத்தில், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் வைத்தாள். இரண்டரை அங்குலம். எதற்கு அளந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

புதன்கிழமை அவளுக்கு உறுதியாகிவிட்டது. மெஷின் ஓடினால் இலை மெஷின் பக்கம் வருகிறது. மெஷின் நின்றால், சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு, தயங்கித் தயங்கி வேறு பக்கம் தேடுகிறது. அடுப்படியில் டம்ளர் வைத்தால் அடுப்படி. குழாயைத் திறந்தால் குழாயடி. வெளிச்சம் அதற்குப் பொருட்டே இல்லை. கண் தெரியாதவர்கள் காதைக் கொடுத்துக் கேட்பார்களே, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, அந்த மாதிரி.

நம்ப மனசில்லாமல் ஒரு சோதனை வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, நூல் சுற்றிய ஒரு பாபினைத் தரையில் வைத்து விரலால் தட்டிவிட்டாள். அது கடகடவென்று உருண்டது, பின்னால் நீல நூல் நீண்டுகொண்டே போக, கட்டில் காலைத் தாண்டி, கதவைத் தாண்டி, எதிர் மூலையில் போய் முட்டியது. இலை அதன் கூடவே போயிற்று. கட்டில் வரைக்கும். கதவு வரைக்கும். மூலை வரைக்கும். பிறகு மெதுவாக, நூல் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்தது. அவளிடம்.

தூக்கி முற்றத்தில் வைத்துவிடலாம் என்று தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். கல் மாதிரி கனத்தது. தொட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு காகிதத் துண்டு தரையில் விழுந்தது. அக்காவின் கையெழுத்து. தபால் அலுவலகத்தில் முப்பது வருஷம் கட்டுக்கட்டாய் விலாசம் எழுதிய கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். மண்ணீரத்தில் ஊறியும் அழியவில்லை.

'பெரிய கிழங்கு. தலைக்கண் எடுக்கவில்லை. நடுவதற்கு முன் எடுக்கணும். மறக்கக்கூடாது.'

சின்னவள் தொட்டியை அப்படியே ஜன்னல் திட்டில் இறக்கிவிட்டாள். மெஷின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கிழங்கின் உச்சியில் ஒரு பெரிய முளை இருக்கும், அதற்குப் பெயர் தலைக்கண். அதை விட்டுவைத்தால் அது ஒன்றே எழும்பும், ஒற்றைக் காம்பும் ஒற்றை இலையுமாக. அதைக் கத்திமுனையால் தோண்டி எடுத்துவிட வேண்டும். வருஷா வருஷம் அக்கா முற்றத்தில் உட்கார்ந்து செய்வாள். கிழங்கைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஒரு சுழி சுழித்து எடுத்துவிட்டுச் சொல்வாள்: "தலைக்கண்ணை எடுத்தாத்தான் கண்ணு, சுத்தி இருக்கற சின்னக் கண்ணெல்லாம் முழிச்சுக்கும். ஒண்ணு போனா நூறு பார்க்கும்."

கண்ணை எடுத்துடு. மறந்துடாதே.

அவள் சேம்பைச் சொல்லியிருக்கிறாள். கடைசி மூச்சிலும் அந்தப் பாழாய்ப்போன சேம்பைத்தான் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டுத் தங்கை என்ன செய்தாள்? எடுக்க வேண்டிய கண்ணை விட்டுவிட்டு, மறுவாரமே அந்தக் கிழங்கை அப்படியே தொட்டியில் நட்டாள். எடுக்க வேண்டாத கண்களை எடுத்துக் கொடுத்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்த கண்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூட முடியவில்லை. விசும்பினால் இலை திரும்பும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கினாள்.

அதற்குப் பிறகு மெஷினை மிதிக்கவில்லை. மிச்சச் சீருடைகளைக் கையாலேயே தைத்தாள். வெறுங்காலோடு நடந்தாள். இருமல் வந்தால் தலையணையில் இருமினாள். சாயங்காலம் தொலைபேசியைச் சுற்றும்போது ஒவ்வொரு சுழற்சிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாள். அக்கா நர்சரிக்குப் போகும்போதெல்லாம் கூப்பிடும் வாடகைக் கார்க்காரர் அந்தப் பக்கம் எடுத்தார்.

"சொல்லுங்கக்கா! ஆறு மாசமா நான் ஊர்லயே இல்ல, நேத்துதான் வந்தேன். பெரியக்கா சௌக்கியமா?"

இலை ஜன்னலை விட்டு நகரத் தொடங்கியிருந்தது.

"ம்" என்றாள். "வெள்ளிக்கிழமை. பதினோரு மணி. பஸ் ஸ்டாண்டு."

"ஏன் இப்படி ரகசியம் பேசறீங்க? பெரியக்காவுக்குத் தெரியாமயா?" என்று அவர் சிரித்தார். "வந்துடறேன், வந்துடறேன். வாசல்ல வந்து ஹாரன் அடிக்கறேன்."

வியாழக்கிழமை மத்தியானம் சீருடைகளைப் பள்ளிக்கூடத்து ஆயா வந்து ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு போனாள். ஒரு சட்டைக்கு மட்டும் பொத்தான் பாக்கி. சின்னவள் அன்றைக்கே கிளம்பி வாயாடி வீட்டுக்குப் போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. தெருவில் ஆள் நடமாட்டமும் இருந்தது. பின்னால் அவளை நினைத்துப் பார்க்கிற யாருக்கும் இந்த இடத்தில்தான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அக்காவின் கடைசி வார்த்தையை நிறைவேற்றாமல் வாசல் தாண்ட அவளுக்குத் துணிவில்லை. சொன்னதைச் செய்துவிட்டால் விட்டுவிடுவாள் என்று நினைத்தாள். அக்காவிடம் எதையாவது கேட்டு வாங்க வேண்டுமானால், முதலில் அவள் சொன்ன வேலையை முடித்துவிட்டுத்தான் கேட்பாள். பதினொரு வயதிலிருந்து வந்த பழக்கம் அது.

செய்தித்தாளை விரித்தாள். தொட்டியைச் சாய்த்து மண்ணைத் தட்டினாள். கிழங்கு வெளியே வந்தது, இரண்டு கை கொள்ளாமல், மயிர் மயிராக வேர்விட்டு, ஈரமாக. இலை அவள் மூச்சுச் சத்தத்தை நோக்கிக் குனிந்திருந்தது. அக்காவின் கத்தி எங்கே போயிற்றோ, கிடைக்கவில்லை. தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்துக் காம்பின் அடியில் செருகி, ஒரு சுழி சுழித்தாள். பால் வழிந்தது. இலை காம்போடு பிரிந்து செய்தித்தாளில் விழுந்தது. விழுந்த பிறகும் ஒரு தரம் திரும்பியது.

"எடுத்துட்டேன்கா" என்றாள் மெதுவாக. "நீ சொன்னதைச் செஞ்சுட்டேன். நான் போயிட்டு வரட்டுமா?"

கிழங்கைத் திரும்பவும் புதைத்து, மண்ணை அழுத்தி, தொட்டியைத் திட்டில் வைத்தாள். அவ்வளவு லேசாக இருந்தது மனசு. இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். அந்த நிம்மதியில் கையைக் கழுவ மறந்து உட்கார்ந்து, பாக்கிப் பொத்தானைத் தைத்தாள். ஊசியில் கோக்க நூல் முனையை நாக்கில் நனைத்தாள். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் அறுக்கிறாள். ஐந்து நிமிஷத்தில் நாக்கு நுனி நமநமத்தது. சேம்பு அரிக்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஓடிப்போய்க் கொப்பளித்தாள், மோர் குடித்தாள். இரவு படுக்கும்போது நாக்கு வாய்க்குள் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. விடிந்தால் சரியாகிவிடும் என்று கண்ணை மூடினாள்.

விடிந்தது.

சரியாகவில்லை. வாய் திறந்தது, தொண்டை அசைந்தது, காற்று மட்டும் வந்தது. நாக்கு தடித்துப் பல்லுக்குள் அடங்காமல் இருந்தது. எழுந்து காலைக் கீழே வைத்தாள். உள்ளங்காலில் ஏதோ குத்தியது.

ஊசி மாதிரி ஒரு முளை. வெளிறிய ரோஜா நிறம். தரைக்கல்லின் இடுக்கிலிருந்து விரல் உயரம் வந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மெஷின் காலடியில் பத்து. சுவரோரம் முழுக்க வரிசை, தையல் போட்ட மாதிரி நெருக்கமாக. ஆறு வாரம் எடுக்கும் என்பாள் அக்கா. ஒரே ராத்திரி. எல்லா முளையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அவள் படுத்திருந்த கட்டில் பக்கம்.

ஒண்ணு போனா நூறு பார்க்கும்.

பெட்டியை எடுத்தாள். கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் விலகியது, கதவு விலகவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு அது. வாசற்படிக்குக் கீழே அக்கா புதைத்த குட்டிகள் எல்லாம் பருத்து, தரைக்கல்லை நாலு விரல் தூக்கி, கதவின் அடியில் ஆப்பாக வைத்திருந்தன. இழுத்தாள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அது தரையில் விழுந்த சத்தத்துக்கு, அறை முழுவதும் ஒரு சலசலப்பு.

திரும்பிப் பார்த்தாள். முளைகள் இன்னும் ஒரு சாண் உயர்ந்திருந்தன.

பின்கதவைத் திறந்தாள். முற்றம் இல்லை. நிழல்வலை வரைக்கும் இலைகள், வெள்ளையும் சிவப்புமாய், ஆள் உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டைகள். ஒவ்வொன்றும் அவள் பக்கம் முகத்தைத் தூக்கியது. கதவைச் சாத்தினாள்.

தொலைபேசி இருந்தது. அதில் பேச நாக்கு இல்லை. பாத்திரத்தைத் தட்டலாம், கத்தரிக்கோலால் கம்பியை அடிக்கலாம். ஆனால் சத்தம் போட்டால் அவை வரும். சத்தம் போடாவிட்டால் ஆள் வராது. அறை நடுவில், பெட்டியை மார்போடு அணைத்தபடி, அசையாமல் நின்றாள். கடிகாரம் ஒன்பது அடித்தது. இலைகள் கடிகாரத்தைப் பார்த்தன. பத்து அடித்தது. சுருட்டிய இலைகள் விரியும் சத்தம் சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்தது, ஈரத்துணியை மெல்லப் பிரிப்பது மாதிரி. ஒவ்வொன்றாக.

கார்க்காரருக்குக் கண் இருக்கிறது. அவள் பேச வேண்டாம். ஜன்னலில் முகத்தைக் காட்டினால் போதும். கையை ஆட்டினால் போதும். வாயாடி சொன்ன மாடி அறை, ரெண்டு பக்கமும் ஜன்னல், முகத்தில் வெயில். அதை மட்டும் நினைத்துக்கொண்டாள்.

ஹாரன் அடித்தது.

எல்லா இலைகளும் தெருப்பக்கம் திரும்பின. அந்த ஒரு நொடியில் அவள் பாய்ந்தாள். காம்புகளை மிதித்து, தொடையெல்லாம் பால் வழிய, ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்தாள். வெளியே வெளிச்சம். வெள்ளைக் கார். கார்க்காரர் இறங்கிக் கதவில் சாய்ந்து, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டப் போனாள்.

கை வரவில்லை. மணிக்கட்டை ஏதோ பிடித்திருந்தது. குளிர்ச்சியாக. அந்தப் பிடி அவளுக்குத் தெரியும்.

கழுத்தைச் சுற்றி ஒரு காம்பு வந்தது. பிறகு இன்னொன்று. காலருக்கு அளவு எடுப்பது போல, நிதானமாக, இறுக்காமல், விலகவும் விடாமல்.

திட்டில் இருந்த பெரிய தொட்டியில், இன்னும் விரியாத ஒரே ஒரு சுருள் பாக்கி இருந்தது. கை தடிமன். அது அவள் முகத்துக்கும் கம்பிக்கும் நடுவில் உயர்ந்து நின்றது. அவள் மூச்சு வாங்கினாள். அது மூச்சைக் கேட்டது. மெதுவாகப் பிரிந்தது. சில்லென்ற, ஈரமான, வெள்ளைத் தோல் நெற்றியில் பட்டது. மூக்கில். உதட்டில். கன்னத்தில் படிந்து, காது வரைக்கும் இன்னொரு முகமாக ஒட்டிக்கொண்டது.

இருட்டவில்லை. அதுதான் பயங்கரம். இரண்டு ஓட்டைகளும் அவளுடைய இரண்டு கண்களின் மேல் வந்து நின்றன. இரண்டரை அங்குலம். அளவெடுத்துத் தைத்த மாதிரி. கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டவள், கடைசியில் கண்ணைக் கண்டுபிடித்துவிட்டாள். சின்னவள் இமையை மூடப் பார்த்தாள். மூட முடியவில்லை. ஓட்டைகளின் விளிம்பு இமைகளைப் பிடித்துத் திறந்து வைத்திருந்தது.

அந்த ஓட்டைகள் வழியே, நல்ல வெளிச்சத்தில், கார்க்காரர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அட, பெரியக்கா! சௌக்கியமா? தங்கச்சி ரெடியா?"

நான்தான், நான்தான் என்று அவள் தொண்டை துடித்தது. ஒரு காற்றும் வெளியே வரவில்லை. அவள் தலை மட்டும் அசைந்தது. அவள் அசைக்கவில்லை. இடமும் வலமுமாக, மெல்ல.

"போகலையா? முந்தாநாள் அப்படிக் குசுகுசுன்னு சொன்னாங்களே." கார்க்காரர் சிரித்துக்கொண்டே காரின் கதவைத் திறந்தார். "நீங்க விட மாட்டீங்கன்னு அப்பவே நெனச்சேன். சரிங்க பெரியக்கா. நீங்க பார்த்துக்கங்க."

கார் கிளம்பியது. தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் அவள் அதைப் பார்த்தாள், கண்ணெடுக்காமல். கார் போன பிறகும் தெரு அப்படியே பளிச்சென்று தெரிந்தது, எதிர்வீட்டுக் கதவும் மூலைக்கடையும் வருவோரும் போவோரும். மத்தியானத்துக்கு மேல், பஸ் ஸ்டாண்டில் காணவில்லையே என்று பதறிக்கொண்டு வாயாடி தெருவில் நுழைந்து, ஜன்னலுக்கு நேரே வந்து நின்று, முகம் வெளுக்க உற்றுப் பார்த்தபோது, அந்தத் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, இடமும் வலமுமாக.